அமரில்லிஸ் தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள், என்ன செய்வது?

பூவரசி:
ஜன்னல் ஓரமாக நான்கு தொட்டிகளில் அமரில்லிஸ் வைத்திருக்கிறேன். இரண்டில் இலை நன்றாக இருக்கிறது, ஒன்றில் மொட்டு வந்துவிட்டது, கடைசித் தொட்டியில் வெறும் கிழங்குதான், இன்னும் முளைக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றப் போனால் போதும், கொசுவை விடச் சின்னதாகக் கறுப்பு ஈக்கள் மண்ணிலிருந்து கிளம்பி முகத்தில் மொய்க்கின்றன. கடிப்பதில்லை, ஆனால் எரிச்சல் தாங்கவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலை இலைகளில் அடித்தேன், கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் பாதிப் பாதி கலந்த மண். மேல் மண் காயாமல் தினமும் தெளித்துவிடுகிறேன். இது கிழங்கைத் தின்னுமா? மண்ணை மாற்றியே ஆக வேண்டுமா? மொட்டு இருக்கிற தொட்டியைக் கலைக்கப் பயமாக இருக்கிறது.

தொட்டிச்செடி:
கிண்ணத்தில் வினிகர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வந்து விழும்.

மண்வாசம்:
வினிகருக்கு ஓடி வருவது பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் ஈ. உங்களிடம் இருப்பது மெலிந்த உடம்பும் நீளக் காலுமாக, பறந்தால் தள்ளாடிக்கொண்டு பறந்து மறுபடி மண்ணிலேயே வந்து உட்காருகிறது என்றால் அது பூஞ்சை ஈ, ஃபங்கஸ் நாட் என்பார்கள். இவற்றைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைதான் சரி, தொட்டி மண்ணை ஒட்டிச் செருகுங்கள்.

ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பறக்கிற ஈ ஒரு வாரம் பத்து நாள்தான் இருக்கும், அதற்குள் ஒரு பெண் ஈ 200 முட்டை வரைக்கும் ஈரமான மேல் மண்ணில் இட்டுவிடும். புழு மண்ணுக்குள்ளே இருக்கிறது, நீங்கள் இலையில் அடித்தது அதைத் தொடவே இல்லை. சந்தேகமாக இருந்தால் ஓர் உருளைக்கிழங்கு வில்லையை வெட்டி மண் மேல் வையுங்கள், சில நாள் கழித்துப் புரட்டினால் கறுப்புத் தலையும் கண்ணாடி மாதிரி உடம்புமாகப் புழுக்கள் ஒட்டியிருக்கும். அவை பெரும்பாலும் தின்பது பூஞ்சையையும் மக்குகிற பொருளையும்தான். கூட்டம் அதிகமானால் மெல்லிய வேர்களையும் கடிக்கும்.

தினமும் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். கிழங்குச் செடி, தண்ணீரைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது, மேலே இரண்டு அங்குலம் காய்ந்தாலும் ஒன்றும் ஆகாது, புழுவுக்குத்தான் ஆகாது. காய்ந்த பிறகு அடித்தட்டில் தண்ணீர் விட்டு உறிஞ்ச வையுங்கள், அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மண்ணை மாற்ற வேண்டியதில்லை. முட்டையிலிருந்து ஈ ஆக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், ஈ குறைந்துவிட்டது என்று நடுவில் பழைய வழக்கத்துக்குப் போய்விடாதீர்கள்.

கொல்லைப்புறம்:
காயவைத்தும் போகவில்லை என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கரைத்து மண்ணில் ஊற்றலாம், கொசுப்புழுவுக்குப் போடுவார்களே அதேதான். வாங்கும்போது இஸ்ரேலென்சிஸ் வகைதானா என்று பாருங்கள். கர்ஸ்டாகி வகை இலை தின்னும் கம்பளிப்புழுவுக்கானது, இதற்கு வேலைக்கு ஆகாது. ஒரு தடவை ஊற்றினால் போதாது, வாரம் ஒரு முறையாகச் சில வாரம் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, முளைக்காத அந்தக் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். எனக்கு ஈயை விட அதுதான் கவலை.

பூவரசி:
உருளைக்கிழங்கு வில்லையில் புழு நிறையவே இருந்தது. தெளிப்பதை நிறுத்தி அட்டை வைத்ததில் ஈ கண்கூடாகக் குறைந்திருக்கிறது. மற்ற மூன்று கிழங்கும் கெட்டியாக இருக்கின்றன. முளைக்காதது அடிப்பக்கம் கொழகொழவென்று அமுங்குகிறது, நாற்றமும் வருகிறது. புழு தின்றதா?

கொல்லைப்புறம்:
ஈரத்தில் அழுகியிருக்கிறது, புழு அழுகலைத் தேடிப் பிறகு வந்திருக்கும். வெளியே எடுத்து, சுத்தமான கத்தியால் வெள்ளையான கெட்டிச் சதை தெரியும் வரை வெட்டுங்கள். கிழங்கின் அடியில் வேர் முளைக்கிற தட்டையான பகுதி மிஞ்சினால் பிழைக்க வாய்ப்புண்டு, அதுவும் கூழாகியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மிஞ்சினால் சில நாள் நிழலில் உலர்த்தி, மணல் அதிகம் கலந்த புது மண்ணில், கிழங்கின் மேல் பாதி வெளியே தெரிகிற மாதிரி நடுங்கள். பச்சை முனை தெரிகிற வரை தண்ணீர் மிகக் கொஞ்சம்தான். அந்தப் பழைய மண்ணை மற்றத் தொட்டிகளில் போட்டுவிடாதீர்கள்.