பல்லவியா, கோரஸா? மெட்டு ரெடி, அமைப்பில்தான் சண்டை

வணக்கம். கோத்தகிரியில் நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறோம். மே மாதக் கோடை விழா சமயத்தில் எங்காவது மேடை கிடைத்தால் பாடலாம் என்று ஆசை.

கிடார் வாசிப்பவன் ஆங்கிலப் பாப் கேட்டு வளர்ந்தவன். வெர்ஸ் (மெட்டு அதே, வரிகள் மாறும் பகுதி), கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் முக்கியப் பகுதி), வெர்ஸ், கோரஸ், பிறகு பிரிட்ஜ் (நடுவில் ஒரு முறை மட்டும் வேறு மெட்டில் வரும் பகுதி), கடைசியில் மறுபடி கோரஸ் என்கிறான். நான் சினிமாப் பாட்டுக்காரன்: முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், திரும்பப் பல்லவி. இரண்டும் ஒன்றுதானே என்கிறான் அவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பல்லவி பாட்டின் வாசலிலேயே வந்து நின்றுவிடும். சரணம் முடிந்ததும் பல பாட்டுகளில் அதன் முதல் வரியைத் தொட்டாலே போதும். கோரஸோ பெரும்பாலும் வெர்ஸ் ஏற்றிவிட்ட பிறகு வெடிப்பது, ஒவ்வொரு முறையும் முழுசாக வரும். (சரணத்தின் கடைசி வரி மேலே ஏறிப் பல்லவியில் இறங்குவது அவர்களுடைய ப்ரீ-கோரஸ் (கோரஸுக்கு முன் ஏற்றிவிடும் சின்னப் பகுதி) செய்யும் வேலைதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.)

மூன்றாவது ஆள் பழைய ஏஏபிஏ வடிவம் என்கிறார்: 8 பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வீதம் நான்கு பகுதி, மொத்தம் 32 பார், ‘பி’ மட்டும் வேறு மெட்டு. எங்கள் பாட்டுக்கு அது சின்னது.

சரி, கேள்வி இதுதான். இரண்டாவது சரணத்தை வேறு மெட்டில் போட்டால் அதுவே பிரிட்ஜ் ஆகிவிடுமா? அல்லது அதற்குப் பின் தனியாக 8 பார் செருகலாமா, பாட்டு இழுக்குமா? இசையமைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். குன்னூர், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து கேட்டால் இன்னும் நல்லது. டீ எங்கள் செலவு.