சூப்பர்டக்ஸ்கார்ட்: ரசிகர்கள் செய்த தடங்கள் தாமாகவே இறங்க வேண்டுமா?

கடைசிவரிசை எழுதியது:

வீட்டு நெட்வொர்க்கில் நானும் தம்பியும் தங்கையும் மூன்று கணினிகளில் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற வண்டிப் பந்தய ஆட்டத்தை ஓட்டுகிறோம். ரசிகர் ஒருவர் செய்த தடம் ஒன்றை என் கணினியில் சேர்த்தேன். தனியாக ஓட்டும்போது அது பட்டியலில் இருக்கிறது. மூவரும் சர்வரில் கூடியவுடன் மறைந்துவிடுகிறது. மற்ற இரண்டு கணினிகளிலும் அதே தடம் இருந்தாக வேண்டும் என்பது இரண்டு மாலைப் பொழுதுகள் வீணான பிறகே எனக்குப் புரிந்தது. டிடிநெட் ஆட்டத்தில் சர்வருக்குள் நுழையும்போதே அங்குள்ள வரைபடம் தானாக இறங்கிவிடுகிறது, விளையாடுபவர் எதையும் தேட வேண்டியதில்லை. இணையவழிப் போட்டி 2019-இல் வெளியான 1.0 பதிப்பிலேயே வந்துவிட்ட ஓர் ஆட்டத்தில் அந்த வசதி இல்லாததைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

பனிவளைவு எழுதியது:

உங்கள் சிரமம் உண்மையானது. ஆனால் அதற்கு நீங்கள் கேட்கும் தீர்வை நான் எதிர்க்கிறேன். இந்த ஆட்டத்தில் வண்டிகளின் நகர்வைச் சர்வர் மட்டும் கணக்கிடுவதில்லை. ஒவ்வொருவரின் கணினியும் அதையே கணக்கிட்டுக்கொண்டு, சர்வரின் முடிவோடு வேறுபடும் இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்கிறது. ஆகவே தடத்தின் சுவரும் மேடும் எல்லாரிடமும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதால்தான், கூடியிருப்பவர்கள் அனைவரிடமும் சர்வரிடமும் உள்ள தடங்களை மட்டும் பட்டியல் காட்டுகிறது.

டிடிநெட்டின் வரைபடம் இருபரிமாணக் கட்டங்களைக் கொண்ட ஒற்றைக் கோப்பு. இங்கே ஒரு தடம் என்பது முப்பரிமாண வடிவங்கள், படங்கள், இசை ஆகியவை அடங்கிய முழுக் கோப்புறை. சில தடங்களில் ஏஞ்சல்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரலும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரில் நுழைந்த குற்றத்துக்காக அவர் எழுதிய நிரல் என் கணினியில் கேட்காமலே ஓடுவதை நான் ஏற்கமாட்டேன். கூடுதல் தடங்களை வழங்கும் ஆட்டத்தின் ஆட்-ஆன் தளத்திலோ, பதிவேற்றிய தடத்தை நிர்வாகிகள் பார்த்து ஒப்புதல் அளிக்கிறார்கள்.

கடைசிவரிசை எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சர்வர் அனுப்பும் கோப்பை நான் கேட்கவில்லையே! ஒப்புதல் பெற்ற அதே தளத்திலிருந்து, என் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, ஆட்டமே இறக்கினால் போதும். மேலும் ஒரு செய்தி: தம்பியின் கணினிக்கு யூஎஸ்பி மூலம் கோப்புறையை நகலெடுத்த பிறகும் தடம் சர்வரில் தெரியவில்லை. அங்கே தனியாக ஓட்டினால் மட்டும் வருகிறது.

தடக்கலைஞன் எழுதியது:

நகலெடுத்தபோது கோப்புறையின் பெயரை மாற்றினீர்களா என்று பாருங்கள். ஆட்-ஆன் தடத்தின் அடையாளம் அதன் கோப்புறைப் பெயரிலிருந்தே உருவாகிறது. தலைப்பு ஒன்றாக இருந்தாலும் கோப்புறைப் பெயர் வேறானால் சர்வருக்கு அது வேறு தடம். இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. ஜிப் கோப்பை விரிக்கும்போது கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை உருவாகிவிடும், அப்போது ஆட்டத்தால் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள்ளும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் மறைந்த லோக்கல் பகுதிக்குள் ஷேர் என்பதன் கீழும் சூப்பர்டக்ஸ்கார்ட் கோப்புறை இருக்கிறது. அதில் ஆடான்ஸ், அதற்குள் டிராக்ஸ், அதற்குள் நேராக உங்கள் தடத்தின் கோப்புறை என்ற வரிசை சரியாக இருக்க வேண்டும். இணையம் இருக்கும் கணினியில் இந்தத் தொல்லையே வேண்டாம். முதல் பக்கத்திலுள்ள ஆட்-ஆன் பகுதி வழியாக நிறுவினால் பெயரும் இடமும் தவறுவதில்லை.

விவாதத்தில் நான் பனிவளைவின் பக்கமே நிற்கிறேன், ஆனால் என் காரணம் வேறு. நான் பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் தடம் செய்கிறவன். சாலையை வரைவதைவிடக் கடினமானது டிரைவ்லைன். கணினி ஓட்டும் வண்டிகள் அதைப் பின்பற்றியே வளைவுகளைத் திரும்புகின்றன. அதன் பிறகு சோதனைக் கோடுகளை வைக்க வேண்டும். அவற்றை உரிய வரிசையில் கடந்தால்தான் ஒரு சுற்று கணக்கில் சேரும். என் முதல் தடத்தில் ஒரு கோடு பாலத்துக்குக் கீழே மட்டும் விழுந்திருந்ததால், பாலத்தின் மேல் சென்றவர்களுக்குச் சுற்றே எண்ணப்படவில்லை, நான்கு பேர் முழுப் போட்டியையும் இழந்தார்கள். இப்படிப்பட்ட அரைகுறைத் தடங்கள் எல்லாருடைய வட்டிலும் தாமாக இறங்கினால், ரசிகர்களின் தடம் என்றாலே ஒதுக்கும் மனநிலை வந்துவிடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன்.

கடைசிவரிசை எழுதியது:

கோப்புறைப் பெயர்தான் காரணம். தம்பி தமிழில் பெயர் மாற்றி வைத்திருந்தான்; பழைய பெயரை வைத்தவுடன் தடம் வந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆனால் அரைகுறைத் தடம் பற்றிய வாதத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் பாலத்தின் பிழை எப்படித் தெரியவந்தது? நான்கு பேர் சேர்ந்து ஓட்டியதால்தானே? 1.0 பதிப்பில் பழைய மாளிகைத் தடத்துக்குப் பதிலாக வந்த ரேவன்பிரிட்ஜ் மாளிகை, சமூகத்திலிருந்து ஒருவர் அளித்த தடமே. பலர் ஓட்டாமல் எந்தத் தடமும் அந்த நிலையை எட்டாது. பலர் ஓட்ட வேண்டுமானால் நிறுவுவது எளிதாக இருக்க வேண்டும்.

பனிவளைவு எழுதியது:

ரேவன்பிரிட்ஜ் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த இடத்தில் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். சம்மதம் கேட்டு, ஆட்-ஆன் தளத்திலிருந்து மட்டும் இறக்குவதானால் எனக்கு மறுப்பில்லை. அரட்டைப் பெட்டியிலேயே ஆட்-ஆனை நிறுவும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைப் பொத்தானாக மாற்றிக் கண்ணில் படும்படி வைத்தால் உங்கள் தேவையின் பெரும்பகுதி நிறைவேறும். அந்நியரின் சர்வர் நேரடியாகக் கோப்பு அனுப்புவதை மட்டும் இப்போதும் எதிர்க்கிறேன்.

தடக்கலைஞன் எழுதியது:

பொத்தான் வரட்டும். ஆனால் அதன் அருகில் தடத்தின் மதிப்பெண்ணும் அளவும் தெரிய வேண்டும். அவை இல்லாமல் வருவதை நான் ஆதரிக்கமாட்டேன். கடைசிவரிசை, அந்தப் பாலத் தடத்தைத் திருத்திவிட்டேன். இந்த வாரம் நீங்கள் மூவரும் ஓட்டிப் பார்த்து, எந்த வளைவில் சுற்று எண்ணப்படவில்லை என்று எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.