மலையின் கடைசி 25 மீட்டருக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

அன்பர்களே,

ஹாம் ரேடியோக்காரர்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள்) மலையேறி உச்சியிலிருந்து பேசும் 'சோட்டா' (SOTA, Summits on the Air) திட்டத்தின் விதிகளை ஒரு பள்ளி மன்றத்துக்காகத் தமிழாக்குகிறேன். 2002-இல் பிரிட்டனில் தொடங்கியது. 'ஆக்டிவேஷன் ஸோன்' வரும் இடமெல்லாம் கோடிட்டு வைத்திருக்கிறேன். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் இறக்கத்துக்குள் வரும் பகுதி அது. அதற்குள் இருந்து குறைந்தது நான்கு தொடர்பு கிடைத்தால்தான் புள்ளி.

வேல்ஸில் 1085 மீட்டர் உயர அர் வித்வா (ஸ்னோடன்) ஏறியபோது இதன் அருமை புரிந்தது. உச்சிக் கல்லில் படமெடுக்க நீண்ட வரிசை. நான் சற்றுக் கீழே பாறை மறைவில் உட்கார்ந்து, மீன்பிடிக் கழியில் ஆன்டெனாக் கம்பியைச் சுற்றி நிறுத்தினேன். காற்றில் கழி வில்லாக வளைந்தது. விரல் விறைத்து, எழுதிய அழைப்புக்குறியை (பேசியவரின் நிலைய அடையாளத்தை) எனக்கே படிக்க முடியவில்லை. ஆனாலும் நான்கு தேறியது.

* * *

தம்பி, 'உயிர்ப்பு வட்டம்' எனலாமே?

* * *

ஐயா, அதுவரை மலை செத்தா கிடந்தது? வட்டமும் இல்லை, சமஉயரக்கோடு மலை போன போக்கில் போகும். 'ஒலிபரப்பு எல்லை' என்றும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஹாம் உரிமத்தில் ஒலிபரப்புக்கே அனுமதி இல்லை, ஒருவரோடு ஒருவர் பேசலாம், அவ்வளவுதான்.

* * *

'சிகர எல்லை' என்று போடலாம், ஆனால் 'சிகரம்' வடசொல். நல்ல தமிழில் 'கொடுமுடி' இருக்கிறதே. 'கொடுமுடி எல்லை' என் பரிந்துரை.

* * *

கொடுமுடி என்றால் ஈரோட்டுப் பக்கம் ரயிலில் இறங்கிவிடுவார்கள். காவிரிக்கரைச் சமவெளி ஊர் அது!

எனக்குத் தோன்றுவது 'குடுமி'. சங்கத் தமிழிலேயே மலையுச்சிக்கு அந்தப் பெயர் உண்டு. மலையுச்சியைக் குறிக்கும் குடுமி, கோடு, குவடு மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். சங்ககாலப் பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் பெயரில் இருப்பது மயிரா மலையா என்று தனி இழையே போடலாம். புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில் இறைவன் பெயரே சிகாநாதர், சிகை என்றால் குடுமி. இசைக் கல்வெட்டுக்குப் போகிறவர்கள் அதையும் கவனியுங்கள்.

* * *

குடுமி எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. தலையில் மேலே கொஞ்சம், மலையிலும் மேலே கொஞ்சம்.

ஒரு சிக்கலான விதியில் போட்டுப் பார்த்தேன். அர் வித்வாவின் மேல் ரயில் நிலையம் 1065 மீட்டரில் இருக்கிறது. அதாவது ரயிலில் வந்தவர் இறங்கும்போதே குடுமிக்குள் நிற்கிறார். கடைசி ஏற்றம் மோட்டார் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதால், குடுமியை விட்டுக் கீழே இறங்கி மறுபடி நடந்து ஏற வேண்டும். வாக்கியம் கச்சிதமாக வருகிறது.

ஒரே உச்சியைப் பல பேர் ஒரே நேரத்தில் அழைத்து மோதுவதற்கும் சொல் தயார்: குடுமிப்பிடி!

* * *

விளையாட்டு போதும். வகுப்பில் 'குடுமிக்குள் நில்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பாடம் முடிந்தது. நான் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன், எனக்குத் தெரியும். 'உச்சி எல்லை' போடுங்கள். யாரும் அகராதி தேட வேண்டாம்.

* * *

அம்மா, பிள்ளைகள் சிரித்தால் சொல் மறக்காது.

* * *

எல்லை என்பது கோடா, கோட்டுக்கு உட்பட்ட இடமா? முதலில் அதைத் தீர்க்கவும்.

* * *

வியாழன் இரவு 11 மணி. 'உச்சி எல்லை' என்று போட்டுவிட்டேன். ஐந்து பேர் சரி என்றார்கள், குடுமிக்கு மூன்று. உச்சியில் நின்று அழைப்பவரை, அதாவது 'ஆக்டிவேட்டரை', என்ன சொல்வது? 'இயக்குநர்' என்றால் சினிமா, 'முடுக்குநர்' என்றால் இயந்திரம். இப்போதைக்கு 'உச்சியழைப்பாளர்'. காலை எட்டு மணி வரை மாற்றலாம்.

* * *

'அழைப்பாளர்' கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. 'உச்சி எல்லை'யையும் நான் ஏற்கவில்லை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். குவடு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.