பழைய ஐ5 லேப்டாப், அப்பாவின் டிவிடி பெட்டி, சனிக்கிழமை பியர்: யோசனை சொல்லுங்கள்

திருநகர்_தம்பி:

அண்ணன்மாருக்கு வணக்கம். மதுரை திருநகர்ப் பக்கம் வீடு. 2014-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. ஐ5-4200யு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் சிப்பை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் "எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்றார்கள்.

இதைத் தூக்கிப் போட மனசு வராததற்கு அப்பாதான் காரணம். 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் வந்தபோது, சம்பளம் வாங்கிய கையோடு நாலைந்து வாங்கி வருவார். இன்றைக்கும் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பிளேயர் பழுதாகி ஐந்தாறு வருடம் ஆகிறது. யூடியூபில் இருக்கிறதே என்றால், நடுநடுவே விளம்பரம் வருகிறது, பாட்டை வெட்டிவிடுகிறார்கள் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். இந்த லேப்டாப்பை வைத்து அந்தப் படங்களை எல்லாம் வீட்டு டிவியில் வருகிற மாதிரி செய்ய முடியுமா? டிவி 4கே, ஆண்ட்ராய்டு.

இன்னொரு கேள்வி, சம்பந்தம் இல்லாததுபோலத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் எதையாவது பிரித்துப் போட்டு உட்காரும்போது ஒரு பியர் குடிப்பேன், ஒன்றே ஒன்று. ஆனால் கிடைப்பதெல்லாம் ஸ்ட்ராங். பாதி பாட்டிலிலேயே தலை கனக்கிறது, நாக்கில் ஒரு திகட்டல் நிற்கிறது. நல்ல பியர் என்றால் எப்படி இருக்கும், எதைப் பார்த்து வாங்குவது?

ஒத்தக்கடை_ஆண்டெனா:

தம்பி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், அந்த லேப்டாப்பில் நேரத்தைப் போடாதீர்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, படங்களைத் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து ஏற்றி, டிவியின் யுஎஸ்பியில் சொருகுங்கள், முடிந்தது வேலை. 4200யு என்பது பேருக்குத்தான் ஐ5. ரெண்டே கோர். அதே காலத்து டெஸ்க்டாப் ஐ5-இல் நாலு கோர் இருந்தது. எச்.265 என்கிற புது வகைச் சுருக்கத்தில் உள்ள படம் ஒன்றைப் போட்டால் மூச்சு வாங்கும்.

பியரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, நான் ஜிகர்தண்டா ஆள்.

பழைய_போர்டு:

ஆண்டெனா அண்ணன் சொன்ன ரெண்டு கோர் கணக்கு உண்மை. ஆனால் முடிவு தப்பு என்று நினைக்கிறேன். ஸ்டிக்கரில் இருக்கிற ஐ5-ஐப் பார்த்து வாங்குவது எப்படித் தப்போ, அதே எண்ணைப் பார்த்து ஒதுக்குவதும் தப்பு. இந்த மெஷின் என்ன செய்யப் போகிறது என்று பாருங்கள். டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்கிற பழைய வீடியோ முறை, அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளி. விசிடி அதைவிடச் சின்னது, 352-க்கு 288. இதற்கெல்லாம் அந்தச் சிப்பே தாராளம்.

முதலில் திறந்து பாருங்கள், கடைக்காரர் செய்யாததை நாம் செய்வோம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டச்பேட் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நின்றால் சந்தேகமே வேண்டாம், பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டுங்கள், உப்பினதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. அப்புறம் ஃபேன். என் பழைய லேப்டாப்பின் ஃபேனைக் கழற்றியபோது, காற்று வெளியே போகிற தகட்டு இடுக்கில் பத்து வருடத் தூசி தலையணைப் பஞ்சை வெட்டி வைத்த மாதிரி ஒரே துண்டாக இருந்தது, சாமணத்தால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்தது. சிப்பின் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதுசாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன், அவ்வளவுதான், கத்திரி வெயிலில்கூட ஃபேன் அலறுவது நின்றுவிட்டது. நம்ம ஊர் சூட்டுக்கு இந்த ஒரு வேலையிலேயே பாதி வேகம் திரும்பி வந்துவிடும்.

மீதி வேகம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, சின்னதாக 240 ஜிபி போதும், அதில் சிஸ்டத்தைப் போடுங்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு லேயர் டிவிடி அதிகபட்சம் 4.7 ஜிபி என்பதால் அப்படியே போட்டாலும் நூறு வரை கொள்ளும். ரேம் வாங்கினால் டிடிஆர்3எல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், கடைசியில் அந்த 'எல்' முக்கியம், 1.35 வோல்ட்டில் ஓடுவது. வெறும் டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் ஆன் ஆகாது.

சிஸ்டத்துக்கு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம், 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் இருந்தது, நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் முதன்முதலில் பார்த்தது அதுதான். அதன்மேல் ஜெல்லிஃபின் போடுங்கள். வீட்டுக்குள்ளேயே நம்முடைய படங்களைப் போஸ்டரோடு அடுக்கிக் காட்டுகிற சர்வர். 2018 கடைசியில் எம்பி (Emby) என்கிற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம், கணக்கு எதையும் வெளியே பதிய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு டிவிக்கு அதன் ஆப் இருக்கிறது.

ஆண்டெனா அண்ணன் பயந்த எச்.265 விஷயம்: நாலாம் தலைமுறை சிப்பில் அதை விரித்துக் காட்டுகிற தனிப் பகுதி (ஹார்டுவேர் டிகோடர்) கிடையாது, உண்மை. ஆனால் உங்கள் 4கே டிவியிலேயே அது பெரும்பாலும் இருக்கும். டிவி நேரடியாக வாங்கி ஓட்டும்போது லேப்டாப் வெறுமனே ஃபைலை எடுத்துக் கொடுக்கிறது, சர்வர் சப்ளையர்தான், சமையல்காரர் இல்லை. மாட்டிக்கொள்கிற இடம் சப்டைட்டில். படமாகவே இருக்கிற ப்ளூ-ரே சப்டைட்டிலை ஆன் செய்தால் பல டிவிகளில் சர்வர் அதைப் படத்தின்மேல் பதித்துக் கொடுக்க வேண்டிவரும், அப்போதுதான் உங்கள் ரெண்டு கோரும் திணறும். சப்டைட்டிலை எஸ்ஆர்டி என்கிற எழுத்து ஃபைலாக வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும்போது 15 வாட் என்று வைத்தால்கூட, நாள் முழுக்க ஓடினாலும் ரெண்டு மாத பில்லுக்கு 22 யூனிட் வரை ஆகும். ராத்திரி அணைத்துவிட்டால் அதில் பாதி.

திருநகர்_தம்பி:

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று திறந்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது, தூசி நீங்கள் சொன்ன மாதிரியே துண்டாக வந்தது. எஸ்எஸ்டி போட்டு மின்ட் ஏற்றிவிட்டேன், இருபது நொடியில் ஆன் ஆகிறது, அப்பாவே எட்டிப் பார்த்துவிட்டு "புதுசா?" என்று கேட்டார்.

டிவிடி மூன்று காப்பி ஆயிற்று. விசிடியில்தான் நிற்கிறேன். டிஸ்க்கைத் திறந்து அந்தப் பெரிய டேட் (.dat) ஃபைலை இழுத்துப் போட்டால் பாதியில் பிழை வருகிறது. டிஸ்க்கில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகவும் இருக்கிறது. போனதா?

வைகைக்கரை_லேகர்:

தம்பி, ரெண்டு கேள்விக்கும் நான் வருகிறேன், அந்தப் பெட்டி மாதிரி எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

வெள்ளைப் புள்ளி பூஞ்சையாக இருக்கலாம், அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பை விரலில் எடுத்து மென்மையாகத் தேய்த்து அலசுங்கள், அப்புறம் பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் டேட்டா ஓடுகிற திசையிலேயே விழும், டிரைவால் அதைச் சரிக்கட்ட முடியாது. குறுக்குக் கீறலைச் சமாளித்துவிடும்.

பிழை வருவது டிஸ்க் போனதால் என்று நினைக்காதீர்கள். விசிடியில் வீடியோ எழுதியிருக்கிற முறையே வேறு, லினக்ஸில் சாதாரண ஃபைல் மாதிரி இழுத்தால் நல்ல டிஸ்க்கிலும் பிழைதான் வரும். மின்டில் விசிடிஇமேஜர் என்ற பேக்கேஜைப் போட்டு, அதில் வருகிற விசிடிஎக்ஸ்ரிப் என்ற கட்டளையை டெர்மினலில் ஓட்டுங்கள், எம்பெக் ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். படம் ரெண்டு மூன்று டிஸ்க்கில் இருக்கும், அவற்றை எம்கேவிமெர்ஜ் என்கிற கருவியால் ஒட்டிவிடலாம். டிவிடியைப் பொறுத்தவரை, வேகமான காட்சியில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ், ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் டிகாம்ப் ஃபில்டரை ஆன் செய்து எச்.264-ஆக மாற்றுங்கள், தரத்துக்கான ஆர்எஃப் எண் 18-ஐ ஒட்டி. 4கே ஆக்குகிறேன் என்று எந்த மென்பொருள் சொன்னாலும் இழுபடாதீர்கள், முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். அந்தப் படங்களுக்கு அந்தக் கரகரப்புதான் அழகு, மதுரைத் தங்கம் தியேட்டர் காலத்து ஆட்களுக்கு அது தெரியும்.

இப்போது பியர். நம் நாட்டு விதிப்படி 5 சதவீதம் வரை சாதாரண பியர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். லேபிளில் அந்த எண்ணைப் பாருங்கள், 5-ஐத் தாண்டாததை எடுங்கள். சர்க்கரை மாதிரி சேர்மானத்தால் சாராயத்தை ஏற்றும்போது மால்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) உடம்பு மெலிந்து போகும், சாராயச் சூடுதான் தூக்கலாகத் தெரியும், நீங்கள் சொல்கிற திகட்டலும் அந்த வழியில் வருவதுதான். ரெண்டாவது, தயாரித்த தேதி. லேகர், அதாவது நாம் வழக்கமாகக் குடிக்கிற தெளிந்த பியர், ஒயின் மாதிரி இல்லை, வைத்திருந்தால் நன்றாகாது, புதுசாக இருப்பதே ருசி. மூன்றாவது பாட்டிலின் நிறம். பியருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூவில் இருந்து வரும் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து ஒரு கெட்ட நெடி வரும், பச்சை, வெள்ளைப் பாட்டிலில் சீக்கிரம், பழுப்புப் பாட்டில் கூடுதலாகத் தாங்கும், கேனுக்கு அந்தக் கவலையே இல்லை. வெயில் விழுகிற அலமாரியில் நின்ற பச்சைப் பாட்டிலை ஒருமுறை நான் வாங்கி முதல் வாயிலேயே கீழே கொட்டினேன்.

கோதுமை பியர் கிடைத்தால் விடாதீர்கள். ஜெர்மன் பாணியில் செய்ததில் கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும், ஆனால் ரெண்டும் உள்ளே போடுவதில்லை, ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, பாட்டிலில் ரெண்டு விரல் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி, அதையும் மேலே விடுங்கள். கலங்கலாக, பொன்னாங்காணிப் பூ மாதிரி வெண்ணுரை எழும்பும். ஐஸ் கட்டியாக உறைய வைக்காதீர்கள், மணம் செத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கூட மட்டன் சுக்கா, மிளகு தூக்கலாக. வேறெதுவும் வேண்டாம்.

நல்ல பியர் என்றால் என்ன என்று நாக்குக்கு ஒரு தடவை தெரிய வேண்டும் என்றால் பெங்களூரு போய்வாருங்கள். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற கடைகள் நிறைய, இந்திராநகர் டாய்ட் 2010-லிருந்து இருக்கிறது. 2024-லிருந்து மதுரைக்கும் பெங்களூருக்கும் வந்தே பாரத் ஓடுகிறது, காலையில் ஏறினால் மதியம் இறங்கிவிடலாம், வண்டி ஓட்டுகிற கவலையும் இல்லை. கறுப்பு பியர், கோதுமை, லேகர் என்று சின்னச் சின்ன கிளாஸில் வாங்கிப் பாருங்கள்.

ஒத்தக்கடை_ஆண்டெனா:

விசிடியை இழுத்தால் பிழை வரும் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். என் பீரோவில் கிடக்கிற பத்துப் பதினைந்து டிஸ்க்கை, கெட்டுப்போனது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தம்பி.

திருநகர்_தம்பி:

விசிடிஎக்ஸ்ரிப் வேலை செய்கிறது. கழுவின பதினொன்றில் ஒன்பது முழுசாக வந்துவிட்டன. நேற்று ராத்திரி அப்பா ரிமோட்டை எடுத்து, போஸ்டர் வரிசையை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், "இது உங்கம்மாவோடு பார்த்தது" என்று ஒரு படத்தில் நிறுத்தினார். இடைவேளை வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

மிச்சம் ரெண்டு டிஸ்க் நடுவில் மாட்டி நிற்கின்றன. அதற்கு ஏதாவது வழி உண்டா அண்ணே?

பழைய_போர்டு:

ரெண்டும் டிவிடி என்றால் டிடிரெஸ்க்யூ என்கிற கட்டளையை ஓட்டுங்கள். படிக்க வருவதை முதலில் எடுத்துவிட்டு, வராத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். விசிடி என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். என்னிடம் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ரெண்டு சும்மா இருக்கிறது, பைபாஸ் ரோடு பக்கம் வந்தால் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன்.