அமர்னா: மண்ணுக்குள் மண்சுவர்

எகிப்தின் பழைய நகரமான அமர்னாவில் சுவரும் பச்சைக்கல் (சுடாத மண்கல்), இடிந்து கிடப்பதும் அதே பச்சைக்கல். 3300 வருடத்தில் இரண்டும் ஒரே மண்ணாகிவிடுகின்றன. அகழாய்வில் புதிதாகக் கரணை பிடிப்பவர்கள் சுவரையே வெட்டி வாரிவிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிவைப்பது அதனால்தான்.

சுவரை மேலிருந்து தேடுங்கள். காற்று கொண்டுவந்த மணலை வாரியதும் தோண்டும் சதுரம் முழுவதையும் கரணை விளிம்பால் ஒரே மட்டமாகச் சீவிப் பெருக்குங்கள். தெளிப்பானால் லேசாக நனைத்தால் கல்லும் சாந்தும் ஒரே வேகத்தில் உலராது. அந்தச் சில நிமிடம்தான் கோடு தெரியும். உடனே கரணை முனையால் கீறிவிடுங்கள். உச்சி வெயிலில் இது வேலைக்காகாது, காலைச் சாய்வெயில் வேண்டும். சாந்துக்கோடு வரிசை பிசகாமல் ஓடினால் அது நிற்கும் சுவர். கற்கள் கோணலாகக் கிடந்தால் இடிபாடு.

சுவரின் முகம் தெரிந்தவுடன் அதை ஒட்டித் தோண்டாதீர்கள். ஒரு சாண் தள்ளி இறங்கி, மிச்ச மண்ணைக் கடைசியில் வெளிப்பக்கமாக உதிர்த்துவிடுங்கள். பூச்சு இருந்தால் மண் தானாகப் பிரியும். வெள்ளையடிப்பும் வண்ணமும் இருந்தால் அந்த மெல்லிய பூச்சில்தான் இருக்கும்; கரணை ஒருமுறை வழுக்கினால் போச்சு.

—

தொழிலாளர் கிராமத்தில் கல்லின் நிறத்தையும் எழுதுங்கள். சுமார் 70 மீட்டர் பக்கமுள்ள மதில், உள்ளே வரிசை வரிசையாக 5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்தில் வீடுகள். மதில் நைல் வண்டல் கல், கரும்பழுப்பு. உள்சுவர்களில் பக்கத்திலேயே வெட்டிய பாலைக் களிமண் கல் நிறைய வரும், வெளிறியிருக்கும். மதிலை அரசு எழுப்பிக் கொடுத்தது, மிச்சத்தைக் குடியிருந்தவர்களே கட்டிக்கொண்டார்கள் என்ற வாதத்துக்கு அடிப்படை இந்த வேறுபாடு. பதிவேட்டில் வெறும் "பச்சைக்கல்" என்று போட்டால் அது தொலைந்தது.

கூரை மண் கட்டியையும் உடைத்துப் போடாதீர்கள். மரத்தைக் கரையான் தின்றிருக்கும். உத்தரம், நாணல், கயிற்றின் அச்சு அடிப்பக்கத்தில் அப்படியே நிற்கும்.

—

செபாக் குழிகளிடம் ஜாக்கிரதை. ஊர்க்காரர்கள் பழைய கல்லை உரமாக அள்ளிப்போன குழி அது. அதன் செங்குத்தான ஓரம் சுவர் மாதிரியே ஏமாற்றும். உள்ளே மண் தளர்வாக, எல்லாக் காலத்துப் பானை ஓடுகளும் கலந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

வரைந்து முடித்த சுவரை மணல் போட்டு மூடுங்கள். திறந்து விட்டால் காற்றோடு வரும் மணலே அடியை அரித்துவிடும். இதற்கென்று சீசனின் கடைசி வாரத்தில் ஆளும் கூடையும் முன்பே ஒதுக்காவிட்டால் நடக்காது.