குடும்பக் கம்பனிக்கு வெளியார் பணிப்பாளர்: யாரை, எப்படித் தெரிவுசெய்வது?

புறக்கோட்டை_மொத்தம் கேட்டது:

வணக்கம். தனியார் வரையறுத்த கம்பனி, சமையலறைப் பாத்திரங்கள் இறக்குமதி, மொத்த விற்பனை. பங்குதாரரும் பணிப்பாளர்களும் அதே நான்கு பேர்: அப்பா (வயது 72), இரண்டு மகன்கள், ஒரு மகள். மேலதிகப்பற்றைக் (நடைமுறைக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) கூட்டித் தருவதற்கு முன் குடும்பத்துக்கு வெளியே ஒருவரைப் பணிப்பாளர் சபையில் சேர்க்கும்படி வங்கி சொல்கிறது. கையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: இப்போதைய கணக்காய்வாளர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர், அப்பாவின் பழைய சிநேகிதரான சட்டத்தரணி. யாரை எடுப்பது? அப்பாவின் வயது தடையாகுமா? என்னென்ன படிவங்கள் வேண்டும்?

செயலாளர்_கொள்ளுப்பிட்டி பதில்:

வயதை முதலில் முடித்துவிடுவோம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 210ஆம் பிரிவிலுள்ள 70 வயது எல்லை பொதுக் கம்பனிகளுக்கும் அவற்றின் துணைக் கம்பனிகளுக்கும்தான். உங்கள் அப்பா தாராளமாகத் தொடரலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் பதவி விலகிவிட்டு, பிள்ளைகள் அவர் சொற்படியே நடந்துகொண்டிருந்தால், பணிப்பாளருக்குரிய கடமைகளைச் சட்டம் அவர்மீதும் சுமத்தும். பெயரை எடுத்துவிட்டதால் பொறுப்பு போய்விடாது.

கணக்காய்வாளரின் பெயரை இன்றே வெட்டிவிடுங்கள். ஒரு கம்பனியின் பணிப்பாளர் அதன் கணக்காய்வாளராக இருக்க முடியாது. அவரைச் சபைக்கு எடுத்தால் கணக்காய்வுக்கு வேறொருவரைத் தேட வேண்டும்.

யாரைத் தெரிவுசெய்தாலும் முதலில் அகவிதிகளை (கம்பனியின் உள் விதிகள்) எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: பணிப்பாளர் எண்ணிக்கையின் உச்சம், புதியவரை நியமிப்பது சபையா பங்குதாரர் கூட்டமா, வாக்குகள் சமமானால் தவிசாளருக்கு முடிவைத் தீர்மானிக்கும் மேலதிக வாக்கு உண்டா. உச்சம் நான்கு என்று எழுதியிருந்தால் விசேட தீர்மானத்தால் திருத்தாமல் ஐந்தாமவரை எடுக்க முடியாது. அதற்கு 75 வீத வாக்கு வேண்டும். பல கம்பனிகளில் இதைக் கவனிக்காமல் நியமித்துவிட்டுப் பிறகுதான் திண்டாடுகிறார்கள்.

படிவங்கள்: நியமனத்துக்கு முன் அவருடைய சம்மதமும், தகுதியிழக்கவில்லை என்ற உறுதியுரையும் படிவம் 18இல். பிறகு தீர்மானம். அதன் பின் மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 20, 20 வேலை நாட்களுக்குள் கம்பனிகள் பதிவாளருக்கு. நிகழ்நிலையிலேயே அனுப்பலாம், டி.ஆர். விஜயவர்தன மாவத்தையிலுள்ள பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. இருவரை எடுத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தீர்மானம்.

கணக்கும்_கடனும் பதில்:

பெயரிலிருந்து தொடங்கியதுதான் பிழை. ஒரு தாளில் அடுத்த மூன்று வருடத்தில் சபை எடுக்க வேண்டிய ஐந்தாறு தீர்மானங்களை எழுதுங்கள். பக்கத்தில், இப்போதுள்ள நால்வரில் அதை முன்பு செய்தவர் யார் என்று எழுதுங்கள். வெறுமையாக இருக்கும் கட்டத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

இறக்குமதிக் கம்பனியில் பெரும்பாலும் வெறுமையாக இருப்பது நாணயமாற்று அபாயம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியது. கடனுக்குச் சரக்கு எடுத்து, பழைய விலையில் விற்று, புதிய விலையில் டொலர் வாங்கியவர்களின் மூலதனம் அப்படியே கரைந்தது. “எல்சி (வங்கியின் நாணயக் கடிதம்) எத்தனை நாள், அதற்குள் எவ்வளவு சரக்கு விற்கும்?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கக்கூடியவர்தான் உங்களுக்கு வேண்டும். அந்த வங்கி முகாமையாளர் வணிகக் கடன் பக்கம் வேலை செய்தவரா, அடகுப் பிரிவில் இருந்தவரா என்று விசாரியுங்கள். கடன் தரப்போவது அவர் இருந்த அதே வங்கி என்றால் அதையும் யோசிக்க வேண்டும்.

சட்டத்தரணி நல்லவராக இருக்கலாம். ஆனால் அப்பாவின் சிநேகிதர் அப்பாவின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவாரா? வெளியாரை எடுப்பதே அதற்காகத்தானே. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் கட்டணம் கொடுத்துப் பெறலாம், அதற்கு ஆசனம் தேவையில்லை.

புறக்கோட்டை_மொத்தம்:

மிக்க நன்றி. ஒருவர் போதுமா? நால்வர் இருக்கிறோம், ஐந்தாமவர் வந்தால் வாக்கு சமமாகாது என்பது அண்ணாவின் கணக்கு.

கணக்கும்_கடனும் பதில்:

அந்தக் கணக்குத்தான் ஆபத்து. இரண்டுக்கு இரண்டு பிரியும் வீட்டில் ஐந்தாமவர் பணிப்பாளராக இருக்க மாட்டார், பஞ்சாயத்துக்காரராகிவிடுவார். எந்தப் பக்கம் வாக்களித்தாலும் மற்றப் பக்கத்துக்குப் பகை. ஒரு வருடத்துக்குள் விலகல் கடிதம் வரும். முடிந்தால் இரண்டு வெளியார் எடுங்கள். ஒருவர் சொல்வதை உறுதிப்படுத்த இன்னொருவர் இருந்தால்தான் வாய் திறப்பார்கள்.

பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிட்ட கம்பனிகளுக்கு, குறைந்தது இருவர் அல்லது சபையில் மூன்றிலொரு பங்கு, இரண்டில் எது கூடவோ அத்தனை பேர் சுயாதீனப் பணிப்பாளராக இருக்க வேண்டும். அது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒருவர் மட்டும் போதாது என்ற எண்ணம் அங்கும் இருக்கிறது.

செயலாளர்_கொள்ளுப்பிட்டி பதில்:

ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் அவரைச் சோதிப்பதுபோல, விஷயம் தெரிந்தவர் உங்களையும் சோதிப்பார். ஊழியர் சேமலாப நிதியை மாதாமாதம் கட்டிய பற்றுச்சீட்டுகளைக் கேட்பார். கம்பனி கட்டாமல் விட்டால் பணிப்பாளர்களும் குற்றவாளிகளாகக் கருதப்படலாம் என்பதால் அது நியாயமான கேள்வி. கடைசி மூன்று வருடக் கணக்குகளையும், வங்கிக்குக் கொடுத்த உத்தரவாதங்களின் பட்டியலையும், இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். எதையும் கேட்காமல் சம்மதிக்கிறவரை எடுக்காதீர்கள்.

தனிப்பட்ட உத்தரவாதத்தில் வெளியாரும் கையொப்பமிட வேண்டுமென்று வங்கி எதிர்பார்க்கிறதா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். நியமித்த பிறகு அந்தப் பத்திரத்தை நீட்டினால் மனிதர் அன்றே போய்விடுவார்.

நியமனக் கடிதத்தில் இவை இருக்கட்டும்: வருடத்துக்கு எத்தனை கூட்டம் (நான்குக்குக் குறையாமல்), கூட்டத்துக்கு 7 நாள் முன் கணக்கு, கடனாளி வயதுப் பட்டியல் (யார் எவ்வளவு நாளாகப் பணம் தரவில்லை என்பது), காசுப் பாய்ச்சல் (காசு வரவு செலவு) மூன்றும் கையில் கிடைக்கும் என்ற உறுதி, கட்டணம், இரண்டு வருட முடிவில் மீளாய்வு. வேறு எந்தெந்தக் கம்பனிகளில் இருக்கிறார் என்று எழுதி வாங்குங்கள். உங்களுக்குச் சரக்கு தருகிற இடத்தோடு தொடர்பிருந்தால் அது அக்கறைகள் பதிவேட்டில் (பணிப்பாளர்களின் சொந்த நலன்களைக் குறிக்கும் பதிவேடு) ஏற வேண்டும்.