ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது – வருஷப்பிறப்புக்கு முன் உதவி தேவை

கடலோரக்காற்று
வணக்கம், அவசரம். பைக் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது, பிறகு திடீரென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பவும் ஓடுகிறது. பிளக் மாற்றியாச்சு. வருஷத்துக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும், ஆறு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை90
என்ன பைக்?

ரயர்க்கடை
என்ன பைக், எத்தனை நாள் சும்மா நின்றது, எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது, இழுத்து இழுத்து நிற்கிறதா, சட்டென்றா? இதில் ஒன்றுமே நீங்கள் சொல்லவில்லை.

பழையபாஸ்
“பிளக் மாற்றியாச்சு” என்றுதான் எல்லோரும் இங்கே வருகிறார்கள். பழைய பிளக்கின் நிறத்தைப் பார்த்தீரா தம்பி? கறுப்பா, வெள்ளையா, மண்ணிறமா? பார்த்திருக்க மாட்டீர். இதையெல்லாம் நான் நூறு தரம் எழுதிவிட்டேன், தேடி வாசித்துவிட்டு வாரும்.

மின்சாரப்பூனை
கொயில், பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது. சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். என்னுடைய பைக் ஒரு வருஷம் இப்படித்தான் என்னை அலைக்கழித்தது. மூன்று கராஜில் காபரேட்டரைக் கழற்றிக் காசு வாங்கினார்கள். கடைசியில் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கொயிலை வாங்கி நானே போட்டேன், அதோடு சரி.

கடலோரக்காற்று
மன்னிக்கவும். ஹொண்டா சீடி125, இரட்டைச் சிலிண்டர், அப்பாவுடையது. எட்டு மாதம் கொழும்பில், வெள்ளவத்தையில் ஃபிளாட்டுக்குக் கீழே பொலித்தீன் போட்டு மூடி நின்றது. பழைய பெற்றோலை வடித்துப் புதிதாக 92 ஒக்டேன் நிரப்பினேன், ஒயில் மாற்றினேன், துருவெல்லாம் தேய்த்துப் பொலிஷ் போட்டேன். வீட்டிலிருந்து வெளிக்கிட்டால் பக்கத்துப் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் நிற்கிறது. முதலில் இழுவை குறைகிறது, பிறகு அடங்குகிறது.
தம்பி இல்லை, தங்கச்சி.

கொட்டாஞ்சேனை90
சீடி125! எங்கள் மாமா ஒன்று வைத்திருந்தார். அந்தச் சத்தத்தை வைத்தே ஒழுங்கைக்குள் ஆள் வருவது தெரியும்.

மன்னார்வெயில்
கடற்காற்றில் எட்டு மாதம் நின்றிருக்கிறது. ரேங்க் உள்ளே துரு. அது வந்து ரேங்குக்குக் கீழே பெற்றோல் திறக்கிற டப்பின் சல்லடையில் படியும், எஞ்சின் நின்றதும் கீழே விழும், அதனால்தான் திரும்ப ஓடுகிறது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் காட்டினால் கிழமைக்கு 4 லீற்றர் தந்தபோது என் பைக் பாதி ரேங்கோடு மாதக்கணக்கில் நின்றது. பிறகு கழுவினால் தேயிலைத் தூள் மாதிரித் துரு கொட்டியது.

மின்சாரப்பூனை
சல்லடை என்றால் கைக்கு வேலை கூட. கொயிலை முதலில் பாருங்கள்.

ரயர்க்கடை
தங்கச்சி, அது எதுவாக இருந்தாலும் ரயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் முட்டை வடிவக் கோட்டுக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் சுவரில் வெடிப்பு இருந்தால் அதோடு நானூறு கிலோமீற்றர் போகாதீர்கள். ஹைவேயில் பைக்கை விடமாட்டார்கள், புத்தளம் பாதைதான், வெயிலும் சும்மா விடாது.

நல்லூர்மூலை
சீடி125 என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. எங்கள் ஐயா கண் மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். காபரேட்டர் வாய்க்குள் நாலு சொட்டு, ஒரு உதை, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். வெள்ளைப் புகை, பின்னாலே இருப்பவருக்குக் கண் எரியும். போத்தலைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பார்.

கொட்டாஞ்சேனை90
மண்ணெண்ணெய்க்கு ஒத்துப்போனது ஹொண்டா எம்டி90தான். சீடி125 மக்கர் பண்ணும்.

நல்லூர்மூலை
நீங்கள் கொழும்பிலிருந்து சொல்கிறீர்கள். நாங்கள் அதிலே ஏறிப் போனோம்.

கொட்டாஞ்சேனை90
நானும் 95 வரை கொக்குவிலில்தான். ஏறுமுகத்தில் உங்கள் சீடி எப்படித் தட்டும் என்று தெரியாதா?

நல்லூர்மூலை
யாழ்ப்பாணத்தில் எங்கே ஐயா ஏறுமுகம்?

பழையபாஸ்
இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், எஞ்சின் சாவது அதனால்தான். எந்த மொடல் என்பதில் ஒன்றுமில்லை.

நல்லூர்மூலை
எங்களுடையது சாகவில்லையே. 2002இல், மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்த பிறகு அதிலேதான் ஐயா வவுனியா வந்தார்.

சோடாமூடி
பொதுவாக வாசிப்பேனே தவிர எழுதுவதில்லை. தங்கச்சி, இரட்டைச் சிலிண்டரில் ஒரு பிளக் செத்தாலும் மற்றது முக்கி முக்கியாவது இழுக்கும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து, அதுவும் இழுவை குறைந்துதான் அடங்குகிறது. மின்சாரம் என்றால் பெரும்பாலும் சட்டென்று வெட்டும், இப்படி மெல்ல அடங்காது. எனக்கென்றால் பெற்றோல் இறங்கவில்லை என்றுதான் படுகிறது.

அடுத்த தரம் நின்றவுடன் எதையும் தொடாமல் ரேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டால், அதோடு உடனே ஸ்டார்ட்டும் ஆனால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க மேலே காற்று வர வேண்டும். வராவிட்டால் காபரேட்டரில் பெற்றோல் நிற்கிற கிண்ணம் காலியாகிவிடும். பத்து நிமிஷத்தில் கசிந்து வருகிற காற்றில்தான் திரும்ப ஓடுகிறது. சத்தம் வராவிட்டால் மன்னார்க்காரர் சொன்ன சல்லடை, அதற்குப் பிறகு கொயில்.

பொலிஷ் போட்டேன் என்றீர்களே, மூடிக்குமா?

பழையபாஸ்
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

மின்சாரப்பூனை
சொல்லவில்லையே.

*(இரண்டு நாள் கழித்து)*

மன்னார்வெயில்
தங்கச்சி, என்ன ஆச்சு?

கொட்டாஞ்சேனை90
பம்பலப்பிட்டியில் நிற்கிறாவோ தெரியாது.

*(இன்னும் மூன்று நாள் கழித்து)*

கடலோரக்காற்று
உஸ் என்றது. துளைக்குள் பொலிஷ் வெள்ளையாகக் கல் மாதிரி இறுகியிருந்தது, ஊசியால் குத்தி எடுத்தேன். முன் ரயரும் மாற்றினேன். இப்போது வவுனியாவில் தேத்தண்ணி. சோடாமூடி அண்ணா, நன்றி. அப்பா பஸ்ஸில் வருகிறார், வழியெல்லாம் கோல் எடுத்து “சோக்கை மூடினியா” என்று கேட்கிறார்.

பழையபாஸ்
சரி. அந்தப் பழைய பிளக் என்ன நிறம்?